முதுகில் எண் இல்லாத டைல்கள்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

போனில் உன் பெயர் வந்தால் எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இப்போதும் எடுக்கமாட்டேன். இது வேலைக் கடிதம். படித்துவிட்டு வேலைக்கு மட்டும் பதில் போடு.

இங்கே படகுத்துறைக் காத்திருப்பு மண்டபத்தில் சுவர் முழுக்க டைல் ஓவியம் வரப்போகிறதாம். மூழ்கிய படகில் போனவர்களின் முகங்களாம். வரைவது நீயாம். பதிக்கிற வேலை எங்கள் மேஸ்திரிக்கு வந்திருக்கிறது. "உங்க அக்கா வேலைடா. நீயே பதிச்சிடு, வேற எவன் கையிலயும் குடுக்க எனக்கு மனசில்ல" என்று சொல்லிவிட்டார். படகை மூழ்கவிட்ட கம்பெனிதான் சுவருக்கும் செலவு செய்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்.

பதிக்கிறேன். ஒரு நிபந்தனை. என் பெண்டாட்டியின் முகம் அந்தச் சுவரில் வரக்கூடாது. அது செத்தவர்களின் சுவர். அவள் உடம்பு கிடைக்கவில்லை. அவள் டிக்கெட் வாங்கினாள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. டிக்கெட்டை வாங்கிய பிறகு சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்து வீட்டுக்கு ஓடி வருகிறவள் அவள். எத்தனை தடவை அப்படிப் படகைத் தவறவிட்டிருக்கிறாள் என்று உனக்கே தெரியும். அதற்காக நீ திட்டியதும் எனக்குத் தெரியும்.

உன்னிடம் வேலை செய்கிறவள்தான், ஆனால் அன்றைக்கு அவளுக்கு லீவு. அக்கரைக்கு, உன் பட்டறைக்கு வரத்தான் கிளம்பினாள். கூப்பிட்டது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆள் காணாமல் போய் ஒரு மாதம்கூட ஆகாதபோது அவள் மாட்டிக்கொள்ளும் ஏப்ரனை எடுத்து வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தவளும் நீதான்.

கம்பெனியிலிருந்து அவள் போட்டோ கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை. நீயும் கேட்காதே.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

வேலைக்கு மட்டும் பதில் போடச் சொன்னாய். உன் கடிதத்தில் வேலை எவ்வளவு, வசவு எவ்வளவு என்று நீயே ஒரு தடவை படித்துப் பார். நான் மூத்தவள். என் பங்குக்கும் கொஞ்சம் வசவு பாக்கி இருக்கிறது, நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்கிறேன்.

கூப்பிட்டது நான்தான். இல்லை என்று என்றைக்கு மறுத்தேன்? ஏப்ரன் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. தூரிகையை எடுத்தால் கண் அங்கே போய் நின்றது, வேலை ஓடவில்லை. யாராவது மாட்டிக்கொண்டு நடமாடினால் அது வெறும் துணியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. போதுமா?

இனி வேலை. ஒவ்வொரு முகமும் நாலு டைல். அதற்குக் குறைந்தால் எதிரே பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு அடையாளம் தெரியாது. முகங்களுக்கு நடுவிலும் சுற்றிலும் கடல். முழு அளவுக்குத் தாளில் படம் போட்டு, கோடுகளின் மேல் ஊசியால் குத்திவிட்டேன். வெறும் டைலை வெள்ளை மெருகுக் குழம்பில் முக்கிக் காயவைத்தால் மேலே மாவு அப்பியது போல இருக்கும். அதன்மேல் தாளை வைத்துக் கரித்தூள் கட்டிய சின்னத் துணி மூட்டையால் ஒத்தினால் கோடு புள்ளி புள்ளியாக இறங்கும். பிறகு தூரிகை. அந்த மாவு சாயத்தை ஒரே வாயாகக் குடித்துவிடும். போட்ட கோடு போட்டதுதான். தப்பென்றால் மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி முக்க வேண்டும்.

நான் நிறையச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் இந்தக் கரையில் இருந்தேன், உனக்குத் தெரியும். தண்ணீரிலிருந்து எடுத்தவர்களைக் கொண்டுவந்து வரிசையாகக் கிடத்தினார்கள். எல்லாரையும் பார்த்தேன். போட்டோவில் அவர்கள் கண்ணைத் திறந்து சிரிக்கிறார்கள். என் கை மூடிய கண்ணை வரைந்துவிடுகிறது. சுரண்டுகிறேன், முக்குகிறேன், காயவைக்கிறேன், மறுபடி இமை கீழே இறங்கிவிடுகிறது.

கம்பெனி ஆபீசர் ஒருவர் வேலையைப் பார்க்க வந்தார். வேகாத சாயம் எல்லாமே செத்த நிறமாகத்தான் இருக்கும். கடல் நீலம் இப்போது வாடின கத்தரிப்பூ மாதிரி இருக்கிறது. "என்னம்மா, எல்லார் முகமும் சாம்பல் பூத்துக் கெடக்கு? உயிரோட்டமா இருக்கணும்னு சொன்னோமே" என்றார். "தீயில வெந்தா சரியாயிடும் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் யாரைப் பற்றி என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவருக்கு உறைக்கவில்லை, தலையாட்டிவிட்டு டீ குடித்தார்.

உன் நிபந்தனையைப் படித்தேன். தாளில் அவள் படம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

முதல் லோடு வந்து சேர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. நீலம் நன்றாக வெந்திருக்கிறது.

ஆனால் ஒரு டைலின் முதுகிலாவது எண் இல்லை. எல்லாப் பெட்டியையும் பிரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். மொட்டை முதுகு. உன் பட்டறை டைலை வைத்து நான் எத்தனையோ சுவர் பதித்திருக்கிறேன். எண் இல்லாமல் ஒரு டைல் வந்ததில்லை. எது முதல் வரிசை, எது கடைசி வரிசை? எது மேல்பக்கம்? கடலில் ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் என்ன வித்தியாசம் காண்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டிருக்கிறாய்.

மண்டபத்தின் தரை முழுக்கப் பரப்பி வைத்து, கண்ணுக்குத் தோன்றியபடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடும்பங்களெல்லாம் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே விடாதே என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். எப்படி விடாமல் இருப்பது? ஓர் அம்மா தினமும் வருகிறார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. நேற்று நான் சேர்த்து வைத்திருந்த ஒரு முகத்துக்கு முன்னால் குனிந்து நின்றார். "நெத்தி எம் பையன்துதாம்ப்பா. இந்த வாய் அவன்து இல்ல" என்றார்.

வேறு யாருடைய வாயையோ கொண்டுவந்து ஒட்டியிருக்கிறேன். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு டைலாக எடுத்துப் பார்த்து, மகனுடைய வாயைத் தேட ஆரம்பித்துவிட்டார். நானும் கூடவே தேடினேன். பொழுது சாய்ந்துவிட்டது, கிடைக்கவில்லை.

நீ இப்படிச் செய்கிறவள் இல்லை. என்ன நடந்தது?

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

ஊசி குத்தி, கட்டத்துக்குக் கட்டம் எண் போட்ட பெரிய தாளைச் சுருட்டி, கரையைச் சுற்றி வருகிற லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். தரையில் விரித்து, அதன்மேல் டைலை வைத்துப் பொருத்திப் பார். கழுத்துப் பட்டையை முதலில் பார், சட்டைக் கோடு தப்பாது. அந்த அம்மாவின் மகன் மேல் பொத்தான் போடாத பையன். அவன் வாய் கொஞ்சம் இடப்பக்கம் ஏறியிருக்கும், சிரிப்பை அடக்குகிற மாதிரி. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என்ன நடந்தது என்று கேட்டாய். எண் எழுதுவது கோட்டுக்காரியின் வேலை. பட்டறையில் உன் பெண்டாட்டியை அப்படித்தானே கூப்பிடுவோம். அவளைப் போல் கோடு இழுக்க ஆள் இல்லை. முகம் நான் வரைவேன், ஓரக் கோடு அவள். முதுகில் எண் போட்டு, எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போடுவதும் அவள்தான். காவியை அரைத்துக் குழைத்துத் தூரிகையால் எழுதுவாள். அது மண்ணோடு மண்ணாக வெந்து பழுப்பாக நின்றுவிடும். அந்த வேலையைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததே இல்லை. டைலைத் திருப்பினால் எண் இருக்கும், அவ்வளவுதான்.

இந்தத் தடவை நான் எழுதினேன். பென்சிலால் எழுதினேன். பென்சில் எழுத்து சூளையில் நிற்காது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் சொல்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். கை பக்கத்தில் கிடந்த பென்சிலை எடுத்தது, எழுதியது. அத்தனையும் எரிந்துபோயிற்று.

இரண்டாவது லோடும் பென்சில்தான். உன் கடிதம் வந்தபோது அது சூளைக்குள் இருந்தது. பாதியில் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு அத்தனை முகமும் விரிசல் விட்டுப்போகும். தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். வெறும் டைல் வேறு பற்றாமல் போய், பரணில் இருந்த பழைய இருப்பை எடுத்து முக்கியிருக்கிறேன். ஒரே மண்தான், நிறம் மாறாது.

என்னைத் திட்டு. திட்டினால் நீ எழுதுகிறாய், அதுவாவது இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

லாரிக்காரர் கீழே நின்று ஹாரன் அடிக்கிறார். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அவள் அங்கேதான் இருக்கிறாள். ஏன் என்னிடம் மறைத்தாய்?

இரண்டாவது லோடைப் பிரித்தேன். மொட்டை முதுகாகத்தான் இருக்கும் என்று திருப்பினால் எண். காவியில் எண். ஒன்று இல்லை, ஒரு பெட்டி முழுக்க. ஏழுக்கு நடுவில் ஒரு வெட்டு. ஆறையும் ஒன்பதையும் மாற்றிப் படிக்கக்கூடாது என்று அடியில் ஒரு கோடு. அம்புக்குறியின் வால் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. இந்த உலகத்தில் அம்புக்கு வால் வளைக்கிறவள் அவள் ஒருத்திதான். அவள் இதை எழுதும்போது எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதுவாள்.

முதலில் பழைய டைலோ என்று எனக்கும் தோன்றியது. திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் இந்தச் சுவருக்கு நீ வரைந்த கடல். நீ போன மாதம் வரைந்த டைலில் அவள் எழுத்து இருந்தால், போன மாதம் அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இது புரிய எனக்குப் படிப்பு வேண்டாம்.

எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்குக் கிளம்பும்போது, லீவு நாளில் என்ன வேலை என்று கத்தினேன். அந்தக் கோபத்தில் உன்னிடம் வந்து தங்கிவிட்டாள், நீயும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாய். இருக்கட்டும். நல்லா அழட்டும் என்று விட்டீர்கள், நானும் நன்றாக அழுதுவிட்டேன். கணக்குத் தீர்ந்தது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்யும்போதெல்லாம் முறைத்துக்கொண்டு போவேனே, இனிமேல் உட்கார்ந்து கேட்கிறேன்.

அந்த ஆயா அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒருத்தியாவது திரும்பி வந்தாளேப்பா" என்றார். எப்படித்தான் சந்தோஷப்பட முடிந்ததோ அவரால்.

அடுத்த லாரியில் ஏறி வருகிறேன். அதற்கு முன் அவளை ஒரு வரி எழுதச் சொல். எழுதமாட்டாள், வீம்புக்காரி. ஒரு எண் எழுதச் சொல், போதும்.

தம்பி


மார்ச் 31

தம்பி,

அவள் இங்கே இல்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கீழே படிக்கப் படிக்க நீ நம்பிக்கொண்டே வரக்கூடாது.

உன் கையில் இருப்பது இரண்டு தடவை வெந்த டைல். முதலில் வெறும் மண்ணாகச் சூளைக்குப் போய் வரும். பிறகுதான் குழம்பில் முக்கி, வரைந்து, மறுபடி சூளை. முதல் தடவை வெந்ததுமே அவள் முதுகில் எண் போட்டு அடுக்கிவிடுவாள். அப்படி ஒரு ஹோட்டல் சுவருக்காக எழுதி அடுக்கினாள். அந்த வேலை நின்றுபோய் டைல் பரணுக்கு ஏறியது. படகு மூழ்குவதற்கு முன்னால் நடந்தது இது. அதைத்தான் எடுத்தேன். எழுத்து அவளுடையது, பழையது. முன்னால் இருக்கிற கடல் என்னுடையது, புதியது. நம்பாவிட்டால் அந்த எண்களைத் தாளோடு பொருத்திப் பார். ஒன்றுகூட இடத்துக்குச் சேராது.

முக்கும்போது அவள் எழுத்தைப் பார்த்தேன். தேய்த்து அழித்திருக்கலாம். மனசு வரவில்லை. நீ திருப்பிப் பார்ப்பாய் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் ஆரம்பத்தில் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். நீ எடுத்திருந்தால் சொல்லியிருப்பேனா, அதுவும் தெரியாது. அன்றைக்குப் படகு இந்தக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டது. அவள் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். என் கை மேலே இருக்கும்போதே படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவள் டப்பாவை எடுக்கத் திரும்பி வரவில்லை தம்பி. அவள் படகில் இருந்தாள். நான் பார்த்தேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு சின்னப் பெட்டி அனுப்புகிறேன். நாலு டைல். தாளில் அவள் படம் இல்லை என்று எழுதியது பொய் இல்லை. தாள் போடாமல், கரித்தூள் ஒத்தாமல், நேராகத் தூரிகையை எடுத்து வரைந்தேன். போட்டோவும் தேவைப்படவில்லை. மற்றவர்களைக் கிடத்தியிருக்கும்போது பார்த்துவிட்டேன், அதனால் கண் மூடிக்கொண்டே வந்தது. இவளை அப்படிப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பில் கண் திறந்து வந்துவிட்டது. எங்கேயும் சுரண்டவில்லை.

உன் பேச்சை மீறிவிட்டேன். பதிப்பதானால் பதி. உடைப்பதானால் உடை. முகங்களின் மூன்றாம் வரிசையில் ஓரமாகக் கடல் வருகிற இடத்தில் அளவு சரியாக இருக்கும்.

வராதே என்று சொல்லமாட்டேன். வா. அவளைத் தேடிக்கொண்டு வராதே, என்னைப் பார்க்க வா. எனக்கும் யாரும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

லாரியில் நான் ஏறவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மண்டபத்துக்குப் போய், அந்த எண்களைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஒன்றும் சேரவில்லை. அதற்கப்புறம் சில நாள் நான் வேலைக்குப் போகவில்லை. என்ன செய்தேன் என்று கேட்காதே.

அவள் செத்துவிட்டாள். எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் எழுதினேன். அசிங்கமாக இருக்கிறது.

அவள் எழுத்திருந்த டைலையெல்லாம் பதித்துவிட்டேன். ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். கடலில் ஓட்டை விழும். எல்லாம் கலவைக்குள் போய்விட்டன, இனி யாரும் பார்க்க முடியாது.

உன் சின்னப் பெட்டி இரண்டு நாள் பிரிக்காமல் கிடந்தது. உடைக்கலாம் என்றுதான் எடுத்தேன். பிரித்துப் பார்த்தேன். என்னிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி வரைந்திருக்கிறாய். பாவி, இவ்வளவு சரியாகவா வரைவாய்!

டைலைக் கலவையில் வைத்ததும் ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். தட்டினால்தான் அடியில் இருக்கிற காற்று வெளியேறும், பக்கத்து டைலோடு மட்டம் சேரும். அத்தனை பேர் முகத்தையும் தட்டித்தான் பதித்தேன், குழந்தை முகத்தைக்கூட. அவள் நெற்றியில் தட்டக் கை எழவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றேன். கலவை இறுகும்வரை நின்றேன். ஒரு டைல் பிடித்ததும் அடுத்தது. நாலும் அப்படித்தான்.

கையால் அழுத்தினால் மட்டம் வராது. மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். "இந்த நாலும் தூக்கிக்கிட்டு நிக்குதுடா. பேத்தெடுத்துத் திரும்பப் போடு, நாளைக்குத் திறக்கிறாங்க" என்றார். "அது அப்படித்தான் மேஸ்திரி இருக்கும்" என்றேன். திட்டுவதற்காக வாயைத் திறந்தவர் டைலில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டார். அவளை அவருக்குத் தெரியும். ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே குடும்பங்களை உள்ளே விட்டார்கள். அவரவர் ஆளைத் தேடிப் போய் நின்றுகொண்டார்கள். அந்த ஆயா அம்மா மகனுடைய வாயைத் தொட்டுப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்று தூரத்திலிருந்தே என்னிடம் தலையாட்டினார். பிறகு சுவரோரமாகக் கையை வைத்து நடந்துகொண்டே வந்தவர், மூன்றாம் வரிசையில் மேடு தட்டிய இடத்தில் நின்றார்.

"இது யாருப்பா? தரையில பரப்பி வச்சிருந்தப்போ இந்த மொகம் இல்லியே" என்றார்.

"ஒருத்தி திரும்பி வந்துட்டான்னு உங்ககிட்ட சொன்னேனே, அவதாம்மா" என்றேன்.

அந்த அம்மா அவள் கன்னத்தில் காயாமல் ஒட்டியிருந்த கலவையைக் கட்டை விரலால் துடைத்துவிட்டார்.

தம்பி